மக்காச்சோளப் படைப்புழு: பொறியில் அந்துப்பூச்சி ஏறுகிறது, இப்போதே மருந்து அடிக்க வேண்டுமா?

மானாவாரிமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால் இந்த வருஷம்தான் முதல் தடவையாக நான் பொறுப்பெடுத்திருக்கிறேன். புரட்டாசி மழையில் வீரிய ரக மக்காச்சோளம் விதைத்தோம். இன்றைக்கு 18 நாள் பயிர். விதை மருந்து பூசியே வந்தது, பையில் சயான்ட்ரனிலிப்ரோல், தயமீத்தாக்சம் என்று போட்டிருந்தது.

படைப்புழுவுக்கு என்று ஏக்கருக்கு இரண்டு வீதம் ஆறு இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறேன். தினமும் காலையில் எண்ணி நோட்டில் எழுதுகிறேன். முதல் வாரம் ஒரு பொறிக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் திடீரென்று ஒரே இரவில் ஒரு பொறியில் மட்டும் 11. மற்றவற்றில் நாலு, ஐந்து.

மருந்துக்கடையில் கேட்டால், "புழு வந்த பிறகு அடித்துப் பிரயோசனம் இல்லை, இப்போதே அடி" என்று இரண்டு மருந்தும் ஒரு டானிக்கும் சேர்த்துக் கலக்கச் சொல்கிறார்கள். பிறகு 35ஆம் நாளும் 50ஆம் நாளும் அடிக்க வேண்டுமாம். பக்கத்துக் காட்டுக்காரர் நேற்றே அடித்துவிட்டார். அப்பாவும் அடித்துவிடு என்கிறார். நான் நேற்று கண்ணில் பட்ட 100 செடியைப் பார்த்தேன், 23 செடியில் ஓட்டை இருந்தது. ஆனால் புழு என்று கையில் கிடைத்தது இரண்டுதான்.

கையில் இருக்கிற காசு ஒரு தடவை அடிக்கத்தான் வரும். அந்த ஒரு தடவையை எப்போது அடிப்பது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

தாயி, நோட்டுப் போட்டு எண்ணுகிறாய் பார், அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் நான்கு ஏக்கர். உன்னைப் போலவே மானாவாரி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புழு அமெரிக்கக் கண்டத்தில் இருந்தது. 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் ஐப்பசியில் என் காட்டில் இருந்தது. நான் அதைக் குருத்துப்புழு என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதுவரை எனக்குத் தெரிந்த புழு அதுதான். ஓட்டை பெரிதான பிறகு மருந்து வாங்கப் போனேன். மூன்றைக் கலந்து கொடுத்தார்கள். உச்சி வெயிலில், செடியின் மேலே தூவினாற்போல அடித்தேன். புழு குருத்துக்குள்ளே, தன் எச்சத்தையே மேலே மூடியாகப் போட்டுக்கொண்டு பத்திரமாக இருந்தது. ஐந்து தடவை அடித்தேன். ஏக்கருக்கு 20 குவிண்டால் எடுக்கிற காட்டில் 7 எடுத்தேன். நான்காவது தடவை பயிர் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. குழலைத் தூக்கிப் பிடித்து அடித்ததில் மருந்தெல்லாம் என் முகத்திலேயே இறங்கியது. ராத்திரி வாந்தி, கை நடுக்கம், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதனால் "எல்லோரும் அடிக்கிறார்கள், நீயும் அடி" என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

சரி, உன் காட்டுக்கு வருவோம்.

பொறியில் விழுவது ஆண் அந்து மட்டும்தான். முட்டை வைப்பது பெண், அது பொறிக்கு வராது. ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடிய பூச்சி இது, எங்கிருந்தோ வந்து உன் பொறியில் விழுந்திருக்கலாம். ஆகவே அந்த 11 என்ற எண், "வயலுக்குள் போய்ப் பார்" என்கிற அழைப்பு மணி. அதற்கு மேலே அதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்த மணியை அலட்சியம் செய்யாதே. வந்த பெண் அந்து முதல் நான்கைந்து இரவுகளில்தான் பெரும்பாலான முட்டையை வைத்துவிடும். ஒரு குவியலில் நூறு, இருநூறு இருக்கும், மேலே தன் உடம்புச் செதிலையே பஞ்சு மாதிரி ஒட்டி மூடியிருக்கும். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள். அப்படியானால் பொறி எகிறிய நான்காம் நாளிலிருந்து குஞ்சுப்புழு சுரண்டிய தடம் தெரியும். அதாவது உனக்கு இன்றைக்கும் நாளைக்கும்தான்.

இன்னொன்று. பொறியில் வைத்திருக்கிற லூர், அதாவது ஆண் அந்தை இழுக்கிற வாசனைக் குப்பி, எந்தப் பூச்சிக்கானது என்று பாக்கெட்டை எடுத்துப் பார். "ஃப்ரூஜிபெர்டா" என்று இருக்க வேண்டும். "லிட்டுரா" என்று இருந்தால் அது நிலக்கடலையிலும் பருத்தியிலும் வருகிற புரொடீனியாவுக்கு. பெயர் இரண்டும் ஸ்போடாப்டெரா என்றே தொடங்குவதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், எங்கள் ஊரில் ஒருவர் ஒரு மாதம் வேறு பூச்சியை எண்ணிக்கொண்டிருந்தார். படைப்புழு ஆண் அந்துக்கு முன்சிறகின் நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். புரொடீனியாவுக்குச் சிறகு முழுக்க வெள்ளைக் கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடும்.

இப்போது அந்த 23. நீ பார்த்த விதத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கண்ணில் பட்ட செடி என்றால் ஓட்டை உள்ள செடிதான் முதலில் கண்ணில் படும். அதுபோக, பழைய ஓட்டையையும் சேர்த்து எண்ணியிருப்பாய். மக்காச்சோளம் ஒவ்வொரு இலையாகக் குருத்திலிருந்து விரிக்கும். பத்து நாளைக்கு முன் புழு கடித்த இலை இப்போது விரிந்து மேலே ஆடிக்கொண்டிருக்கும். கடித்த புழு செத்தோ, குருவி வாயிலோ போயிருக்கும். அந்த ஓட்டைக்கு மருந்து அடித்து என்ன ஆகப்போகிறது?

இப்படிச் செய். காலை ஆறு மணிக்குப் போ, பனி இருக்கும்போதே. வெயில் ஏறினால் புழு உள்ளே இறங்கிவிடும். ஓரத்து நாலைந்து வரிசையை விட்டுவிட்டு உள்ளே நுழை. காட்டில் கோணல்மாணலாக, ஆங்கில டபிள்யூ எழுத்தை எழுதுகிற மாதிரி நட. ஐந்து இடத்தில் நில். நிற்கிற இடத்தை நீ தேர்ந்தெடுக்காதே, முப்பது தப்படி என்று வைத்துக்கொண்டால் முப்பதாவது தப்படியில் நின்றுவிட வேண்டும். அங்கே ஒரே வரிசையில் அடுத்தடுத்து 20 செடி. ஒன்றையும் தாண்டாதே. ஐந்து இடம், 100 செடி.

ஒவ்வொரு செடியிலும் குருத்தையும் புதிதாக விரிந்த இரண்டு மூன்று இலையையும் மட்டும் பார். குஞ்சுப்புழு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, வெள்ளைத் தோலை விட்டுவைக்கும். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் கண்ணாடிக் காகிதம் ஒட்டினாற்போல இருக்கும். அது இருந்தால் ஒரு புள்ளி போடு. குருத்துக்குள் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் இருந்தால் பெரிய புழு, அதற்கு ஒரு கோடு போடு. எச்சம் காய்ந்து, பழுப்பேறி, உதிர்ந்தால் அது பழசு, விட்டுவிடு. ஓட்டைகள் இலைக்குக் குறுக்கே வரிசையாக, ஊசியால் குத்தினாற்போல இருந்தால் அது தண்டுத்துளைப்பான், அதைத் தனியாக எழுது.

புழு கையில் கிடைத்தால் தலையைப் பார். தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஒய் எழுத்து வெளுப்பாகத் தெரியும். பின்பக்கம் வால் முடிவதற்குச் சற்று முன்னால் நான்கு கரும்புள்ளி சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் படைப்புழுதான்.

எண்ணிவிட்டு இங்கே எழுது. புள்ளி எத்தனை, கோடு எத்தனை, எந்தெந்த இடத்தில் எத்தனை என்று தனித்தனியாக. அதுவரை கடைக்குப் போகாதே.

---

உடுமலைத்தோட்டம் எழுதியது:

அண்ணன் சொன்னதில் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் இறவையில் இரண்டு போகம் மக்காச்சோளம், கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போகிறது. ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் விதைப்பார், அதனால் புழுவுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. நான் வேளாண்மை படித்துவிட்டு இப்போது சொந்தத் தோட்டம் பார்க்கிறேன்.

இளம்பயிரில் 100க்கு 5 செடி என்ற அளவில் புதுச் சேதம் வந்தாலே நடவடிக்கை எடுக்கச் சொல்வார்கள். ஐந்து வாரத்துக்கு மேற்பட்ட பயிருக்கு 10. வளர்ந்த பயிர் கொஞ்சம் இலை போனாலும் ஈடுகட்டிக்கொள்ளும், இளம்பயிருக்கு அந்தத் தெம்பு இல்லை.

முக்கியமாக இன்னொன்று: உங்கள் விதையில் பூசியிருந்த சயான்ட்ரனிலிப்ரோலும், கடைகளில் அதிகம் விற்கிற குளோரான்ட்ரனிலிப்ரோலும், புளூபென்டியமைடும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மூன்றும் புழுவின் தசையை ஒரே விதமாகத் தாக்குகின்றன. பெயர் வேறு என்பதால் மருந்தை மாற்றி அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே அடியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அதில் தப்பிய புழுவின் சந்ததி அடுத்த மாதமே அந்து ஆகிவிடும். விதையில் அது இருந்ததால் இப்போதைய தெளிப்புக்கு அந்த வகையே வேண்டாம். எமாமெக்டின் பென்சோயேட் வேறு வகை, ஸ்பைனெட்டோரம் வேறு வகை, வேம்பு வேறு.

கடையில் கலக்கச் சொன்ன இரண்டும் என்னென்ன என்று எழுதுங்கள். டானிக் தேவையில்லை.

---

மானாவாரிமகள் எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. கடையில் சொன்னது எமாமெக்டினும் குளோரான்ட்ரனிலிப்ரோலும். லூர் பாக்கெட்டைப் பார்த்தேன், ஃப்ரூஜிபெர்டாதான்.

காலையில் ஐயா சொன்ன மாதிரியே எண்ணினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. 100 செடியில்:

முதல் இடம் 0. இரண்டாவது 1 புள்ளி. மூன்றாவது 0. நான்காவது 1 கோடு. ஐந்தாவது இடத்தில் மட்டும் 4 புள்ளி, 1 கோடு.

ஆக மொத்தம் 7. 23 எங்கே, 7 எங்கே! நேற்றுப் பார்த்ததில் பாதிக்கு மேல் பழைய ஓட்டையும் வெட்டுக்கிளி கடித்ததும்தான். ஐந்தாவது இடம் கிழக்கு வரப்பை ஒட்டியது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டில் எங்களுக்கு மூன்று வாரம் முன்னாலேயே விதைத்துவிட்டார்கள். அங்கேயும் போய்ப் பார்த்தேன், குருத்தெல்லாம் மரத்தூள்தான். ஒரு முட்டைக்குவியலும் கண்டுபிடித்தேன், இலையோடு கிள்ளி நசுக்கிவிட்டேன்.

7 என்றால் 5ஐத் தாண்டிவிட்டது. மூன்று ஏக்கரும் அடிக்க வேண்டுமா?

---

கரிசல்காட்டான் எழுதியது:

நல்லது தாயி. இடவாரியாக எழுதச் சொன்னது இதற்குத்தான். மொத்தம் 7 என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் மூன்று ஏக்கரையும் அடி என்று சொல்லியிருப்பேன். உன் காட்டில் புழு ஒரு மூலையில்தான் இருக்கிறது.

கிழக்குப் பக்கம் அரை ஏக்கரை மட்டும் அளந்து, நான்கு குச்சி நட்டு, துணி கட்டு. அதற்குள் மட்டும் எமாமெக்டின் 5 எஸ்.ஜி., அதாவது தண்ணீரில் கரைகிற குருணை, அடி. 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம். உன் தெளிப்பான் 10 லிட்டரா, பேட்டரியில் ஓடுகிற 16 லிட்டரா என்று பார்த்துக்கொள், 16 என்றால் 6.4 கிராம். "டேங்குக்கு இவ்வளவு" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதே. வேறெதையும் கலக்காதே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே, காற்று அடங்கிய பிறகு, நாசிலைக் குருத்துக்கு நேராகக் கிட்டே பிடித்து, குருத்துக்குள் மருந்து இறங்குகிற மாதிரி அடி. ராத்திரி புழு மேலே வந்து தின்னும். செடிக்குச் செடி நின்று அடித்தால் நேரம் ஆகும், ஆகட்டும். கையுறை, முகத்துக்குத் துணி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தெளித்த இடத்துத் தட்டையைக் கிள்ளி மாட்டுக்குப் போடாதே, ஆடும் ஏறாமல் பார்த்துக்கொள்.

மீதி இரண்டரை ஏக்கருக்குக் கைதான் மருந்து. வரிசையில் நடந்துபோய்க் குவியலைக் கண்டால் நசுக்கு. கோடு போட்ட செடி, அதாவது பெரிய புழு இருக்கிற செடி, மருந்துக்கு லேசில் மசியாது. ஆனால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும் புழு இது, அதனால் வளர்ந்த பிறகு ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, குருத்துக்குள் ஒரு சிட்டிகை போட்டுவிடு. நானும் என் வீட்டுக்காரியும் காலையில் இரண்டு மணி நேரம் இதைச் செய்வோம், மடியில் மணலைக் கட்டிக்கொண்டு. ஏக்கருக்கு 27,000 செடி வரும், அத்தனைக்கும் போட முடியாது, போடவும் வேண்டாம். கண்ட செடிக்கு மட்டும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. பெரிய புழுவாக ஆனபிறகு அடித்துப் பிரயோசனம் இல்லை என்பது உண்மை. இது ஆறு பருவம் வளர்கிற புழு, தன் மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அதனால்தான் கண்ணாடித் தடத்திலேயே பிடிக்க வேண்டும். ஆனால் புழு இல்லாத இடத்தில் முன்கூட்டி அடிப்பது, புழுவை அழிக்கிற குளவியையும் வண்டையும் கொன்றுவிட்டு, புழுவுக்கு வாசலைத் திறந்துவைப்பது.

---

உடுமலைத்தோட்டம் எழுதியது:

அரை ஏக்கர் தெளிப்பு சரிதான். ஆனால் மீதிக் காட்டைக் கைக்கு மட்டும் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. கிழக்குக் காட்டில் மூன்று வாரம் மூத்த பயிர் இருக்கிறது, அங்கே உள்ள பெரிய புழு இன்னும் சில நாளில் மண்ணுக்குள் கூண்டுப்புழுவாகி, ஒன்றரை வாரத்தில் அந்தாக வெளியே வரும். அடுத்த அலை நிச்சயம். காசு செலவில்லாமல் செய்யக்கூடியது: வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், அதாவது 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டர் தண்ணீருக்கு. மீதி இரண்டரை ஏக்கருக்கும் ஒரு தடவை குருத்தில் படும்படி தெளித்தால் சின்னப்புழு தின்பதைக் குறைக்கும், குளவிக்கும் பெரிய கெடுதல் இல்லை. பெரம்பலூரில் வேப்பமரத்துக்கா பஞ்சம்?

---

கரிசல்காட்டான் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. மூத்த பயிர் பக்கத்தில் இருப்பதை நான் யோசித்திருக்க வேண்டும். வேப்பங்கொட்டையையும் சேர்த்துக்கொள் தாயி. அப்புறம் ஏக்கருக்குப் பத்துக் குச்சி, குறுக்குக்கட்டை வைத்து நட்டுவிடு, குருவி உட்கார. முதல் முப்பது நாள் வரைக்கும் அதற்குப் பலன் உண்டு, பயிர் உயர்ந்த பிறகு குருவிக்கு அது தேவையில்லை.

கிழக்குக் காட்டுக்காரரிடமும் பேசு. சண்டையாக இல்லாமல், அடுத்த வருஷம் ஒரே வாரத்தில் விதைக்கலாமா என்று கேள். எங்கள் ஊரில் 2021லிருந்து பதினோரு பேர் முதல் மழைக்குப் பிறகு ஒரே வாரத்தில் விதைக்கிறோம். எல்லார் பயிரும் ஒரே வயதில் இருந்தால் புழுவுக்குத் தாவிப் போக இளம்பயிர் இல்லை. கோடையில் எல்லோரும் ஆழ உழுதுவிடுவோம், கூண்டுப்புழு மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேதான் இருக்கும், உழவு மாட்டினால் மேலே வந்துவிடும், கொக்கும் மைனாவும் ஏர் பின்னாலேயே வரும்.

---

மானாவாரிமகள் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பயிருக்கு 34 நாள்.

கிழக்கு அரை ஏக்கருக்கு ஏழு டேங்க் ஆனது. வேப்பங்கொட்டை அம்மாவும் அத்தையும் பொறுக்கினார்கள், இடித்தது நான். அடித்து மூன்றாம் நாள் நல்ல மழை, இரண்டு நாள் விடாமல் பெய்தது. வாரம் இரண்டு தடவை எண்ணுகிறேன். இன்றைக்கு 100க்கு 3, மூன்றும் கோடு. மணல் போட்டுவிட்டேன். அப்பா இப்போது கட்டிலில் உட்கார்ந்துகொண்டே, "புள்ளி எத்தனை, கோடு எத்தனை" என்று கேட்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். ஐந்தாறு செடியில் புழு செத்து இலையோடு ஒட்டியிருக்கிறது, விறைத்து, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இரண்டு மட்டும் இளம்பச்சையாக மாவு பூசினாற்போல இருக்கிறது. மருந்து அடிக்காத பக்கத்தில். இது என்ன?

---

கரிசல்காட்டான் எழுதியது:

அதைத் தொடாதே தாயி, கிள்ளிப் போட்டுவிடாதே! அது பூஞ்சாணம். மழை ஈரத்தில் தானாகவே வந்து புழுவைக் கொல்லும். முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் ஆகும், அந்தப் பச்சைத் தூள் காற்றில் பறந்து அடுத்த புழுவில் விழும். 2019இல் எங்கள் காட்டில் முதல் தடவை பார்த்தபோது ஒரு புழுவைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய் நாலு பேருக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் பூஞ்சாணக்கொல்லி எதையும் அடித்துவிடாதே.

எண்ணுவதை நிறுத்தாதே. லூர் கட்டி ஒரு மாதம் ஆகப்போகிறது, புதிதாக மாற்று. பொறியையும் பயிர் உயரத்துக்கு ஏற்றிக் கட்டு, இலைக்குள் மறைந்துவிட்டால் ஆண் அந்து வராது. 45 நாள் வரைக்கும் 100க்கு 10ஐத் தாண்டினால் எழுது, பார்க்கலாம். கொண்டை வந்து மகரந்தம் கொட்டத் தொடங்கினால் தேனீ வரும், பயிரும் உன் தலைக்கு மேலே போயிருக்கும். அதற்குப் பிறகு கதிரில் ஒன்றிரண்டு புழு தெரிந்தாலும் தெளிப்பானைத் தூக்காதே.